வெங்காரம்: பத்தர் பட்டறையிலிருந்து ப்ளைவுட் வரை

போன மாசம் காஞ்சிபுரம் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் மாமா வீடு. முன்னால் தறி, பின்னால் சமையல்கட்டு. நடுவில் ப்ளைவுட் தடுப்பு போட ஆசாரி வந்திருந்தார். "இது தீப்பிடிக்காத பலகைங்க" என்றார். மாமா என்னிடம் திரும்பி, "நீ இன்ஜினியர்தானே, மரம் எப்படிடா தீப்பிடிக்காம இருக்கும்?" என்று கேட்டார். தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை. எனக்குப் பதில் தெரியலை.

தேடிப் பார்த்தா, பதில் நம்ம பத்தர் பட்டறையில் இருக்கு: வெங்காரம். நகைக்குப் பொடி வைக்கும்போது தூவுவாங்களே, அதேதான். ஒரு காலத்தில் திபெத் ஏரிக்கரைகளிலிருந்து இமயமலை தாண்டி இந்தியாவுக்கு வந்து, ஐரோப்பா வரைக்கும் போன சரக்கு.

1735-ல் இங்கிலாந்தில் ஒபடையா வைல்ட் என்பவர் துணி, காகிதம் எரியாமல் இருக்க ஒரு கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் படிகாரத்தோடு வெங்காரமும் உண்டு. 1821-ல் பிரான்ஸில் கே-லுசாக், நாடக அரங்குத் திரைகளைக் காப்பாற்ற அம்மோனியம் பாஸ்பேட், வெங்காரம் போன்ற உப்புகளைச் சோதித்தார். இன்றைய ப்ளைவுட்டும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகுது.

எப்படி வேலை செய்யுது? சூடானதும் வெங்காரம் உருகி, கண்ணாடி மாதிரி மரத்தை மூடும். சுவாலை பரவுவது குறையும். ஆனா கனல் உள்ளுக்குள்ளேயே புகையலாம். அதை அடக்குவது போரிக் அமிலம். அதனால்தான் ரெண்டையும் சேர்க்கிறாங்க. மரத்தூள் பலகையில் ஒரு சிக்கல்: வெங்காரம் கலந்தா ஃபீனாலிக் பசை சீக்கிரமே இறுகிடும். அதனால தண்ணீரில் எளிதில் கரையாத ஜிங்க் போரேட் போடுறாங்க.

2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிச் சமையல் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போயிட்டாங்க. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொன்னது அரசு. வீட்டுக்குள்ள இருக்கிற மரத்தை அப்படி எடுத்துவிட முடியாது.

மாமாகிட்ட சொன்னேன்: "தீப்பிடிக்காதுன்னு இல்ல மாமா, மெதுவாப் பிடிக்கும். நாம வெளிய ஓட நேரம் கிடைக்கும். பலகையில ஐ.எஸ். 5509 முத்திரை இருக்கான்னு பாருங்க. குழித்தறி ஈரம் படாம வைங்க, உப்பு கரைஞ்சிடும்."

மாமா சிரிச்சார்: "அப்ப பத்தர் வீட்டுப் பொடிதான் என் தறிக்குக் காவலா?"

ஆமாம் மாமா. ஆனா அடுப்பை அணைக்கிறது நம்ம வேலை.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.