உணவு மேசையிலிருந்து வந்த நன்றிப் பாடல்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் லைப்சிக் நகருக்கு வடகிழக்கே இருக்கிறது ஐலன்பர்க். முப்பதாண்டுப் போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகளால் மதில் சூழ்ந்த அந்தச் சிற்றூர் 1637-இல் நிரம்பி வழிந்தது. பின்னாலேயே கொள்ளைநோயும் வந்தது. போதகர்களில் ஒருவர் ஊரைவிட்டுப் போனார். இருவர் நோய்க்குப் பலியானார்கள். அடக்க ஆராதனை நடத்த மார்ட்டின் ரிங்கார்ட் ஒருவரே மிஞ்சினார். சில நாள்களில் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது உடல்கள் கல்லறைக்கு வந்தன. அவர் அடக்கம் செய்தவர்கள் ஏறக்குறைய 4,480 பேர் என்று சொல்லப்படுகிறது. அவருடைய மனைவியும் அந்த ஆண்டில்தான் இறந்தார்.

லுத்தரன் சபைகள் இன்றும் பாடும் ‘நூன் டாங்கெட் அல்லெ கோட்’ என்ற நன்றிப் பாடலை இயற்றியவர் இவர்தான். பிணக்குழிகளின் அருகே அவர் அதை எழுதினார் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. 1648-இன் வெஸ்ட்ஃபாலியா அமைதி உடன்படிக்கைக்காக எழுதினார் என்பது இன்னொரு கதை. காலவரிசை இரண்டுக்கும் இடம் தரவில்லை. பெர்லினில் இசைப் பணியாற்றிய யோஹான் க்ரூகர் 1647-லேயே இதை மெட்டோடு அச்சிட்டுவிட்டார். பாடல் இடம்பெற்ற ரிங்கார்ட்டின் வழிபாட்டு நூல் அதற்கும் முன்பு, 1636-இல், முதலில் வெளிவந்ததாகக் கருதப்படுகிறது. இன்று கிடைப்பது அதன் 1663 பதிப்பு. அதில் பாடலின் தலைப்பு, ‘உணவுவேளைச் சிறு ஜெபம்’ என்ற பொருள் தருவது.

அந்தத் தலைப்பே இங்கு முக்கியச் சான்று. மார்ட்டின் லுத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், பிள்ளைகளும் வேலைக்காரர்களும் கைகூப்பி மேசையருகே வந்து, உண்ணுமுன்னும் உண்டபின்னும் ஜெபிக்க வேண்டும் என்று வகுத்திருந்தது. ரிங்கார்ட்டின் பாடல் அந்த வீட்டு வழக்கத்தின் தொடர்ச்சி. கருப்பொருளை அவர் சீராக் ஆகமத்தின் 50-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தார். தமிழ்க் கத்தோலிக்க விவிலியத்தில் இந்நூல் உண்டு. சீர்திருத்த சபையார் வழக்கமாகப் பயன்படுத்தும் வேதாகமத்தில் இல்லை. முதல் சரணம் தாயின் மடி தொட்டுக் கிடைத்த நன்மைகளை நினைக்கிறது. இரண்டாவது துன்பங்களிலிருந்து விடுதலை கேட்கிறது. துன்பம் இல்லை என்று இந்த நன்றி நடிக்கவில்லை.

ஆகவே பேரழிவு அந்த நன்றியை உண்டாக்கவில்லை. சாதாரண நாள்களில், ரொட்டித் தட்டின் முன் பழகிய ஒன்றைப் பேரழிவு சோதித்தது. சோதனை சிறியதும் அல்ல. நோய்க்குப் பின் பஞ்சம் வந்தபோது, இறந்த பூனைக்கும் காகத்துக்கும் மக்கள் தெருவில் அடித்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். ரிங்கார்ட் வரப்போகும் தம் வருமானத்தை அடகு வைத்து ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தார். 1639-இல் ஸ்வீடன் படை 30,000 தாலர் கப்பம் கேட்டபோது ஊருக்காக மன்றாடப் போனவரும் அவரே. தொகை கடைசியில் 2,000 ஃப்ளோரினாகக் குறைந்தது என்பது வரலாற்று மரபு. அவருடைய நன்றிக்குப் பொருள் இந்தச் செயல்களில்தான் தெரிகிறது.

பின்னர் பாடல் மேசையை விட்டு வெகுதூரம் போனது. 1757 டிசம்பர் 5 அன்று லாய்தனில் ஆஸ்திரியரை வென்ற பிரஷ்யப் படைவீரர்கள் இருளில் இதைப் பாடினார்களாம். அன்றிலிருந்து அதற்கு ‘லாய்தன் பாடல்’ என்றே பெயர் வந்துவிட்டது. 1914 ஆகஸ்ட் 1 அன்று முதல் உலகப் போருக்கான படைதிரட்டல் அறிவிப்பு வந்ததும் பெர்லின் அரண்மனை முன் கூடிய கூட்டம் பாடியதும் இதுதான். பஞ்சத்தில் பிள்ளைகளுக்கு ரொட்டி தேடியவரின் வரிகளை, பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பும் கூட்டம் பாடியது. இந்த வரலாற்றில் மிக வேதனையான பக்கம் அது. நன்றி வெற்றி முழக்கமாக மாறும்போது எதிரே விழுந்துகிடப்பவன் கண்ணில் படுவதில்லை.

1955-இல் மேற்கு ஜெர்மன் சான்சலர் அடனாவர் மாஸ்கோவுக்குப் போய் வந்தபின், சோவியத் முகாம்களில் எஞ்சியிருந்த இரண்டாம் உலகப் போர்க்கைதிகள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வீடு திரும்பினார்கள். ஃபிரீட்லாந்து வரவேற்பு முகாமில் அவர்களும் வரவேற்க வந்தவர்களும் இதே பாடலைப் பாடினார்கள். அங்கு வென்றவர் எவரும் இல்லை. திரும்பி வந்தவர்களிடம், காணாமற்போன மகனின் படத்தைக் காட்டி விசாரித்த தாய்மார்கள் இருந்தார்கள். நன்றியும் விடுதலை வேண்டலும் அடுத்தடுத்த சரணங்களில் நிற்கும் ரிங்கார்ட்டின் பாடலுக்கு, லாய்தன் களத்தைவிட அந்த முகாமே நெருக்கமானது.