மனப்பாங்கின்மேல் விழும் பழி: கிரான் பிரதேச முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி பற்றிய ஒரு மறுபார்வை

முன்பள்ளி ஆசிரியைகள் விளையாட்டை விட்டுவிட்டு எழுத்தைத் திணிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் கூடவே ஒரு பரிகாரமும் வருகிறது: அவர்களது மனப்பாங்கு மாறவேண்டும், அதற்குச் செயலமர்வு வேண்டும். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. பரிகாரம்தான் இடம் மாறி நிற்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியை வகுப்பறையில் வேறுவிதமாக நடந்துகொள்வதற்கான காரணத்தில் பெரும்பகுதி அவரது மனத்துக்கு வெளியே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கோறளைப்பற்று தெற்கு எனப்படும் கிரான் பிரதேச செயலகப் பிரிவை முன்வைத்து அதனைப் பார்க்கலாம்.

கிரான் நகரம் மட்டக்களப்பு – திருகோணமலை நெடுஞ்சாலையில், எழுவான்கரையில் இருக்கிறது. தெற்கே சில கிலோமீற்றரில் வந்தாறுமூலை; அங்கே கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் கல்வி, பிள்ளைநலத் துறையும். மேற்கே புலிபாய்ந்தகல், திகிலிவெட்டை, முறுத்தானை, பூலாக்காடு, குடும்பிமலை எனப் பிரிவின் பெரும் நிலப்பரப்பு விரிகிறது. மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் தோணியோ உழவு இயந்திரமோதான் துணை. 2007ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் வாழும் ஊர்கள் இவை. வயல், மாடு, ஆற்றுமீன் என்று பிழைப்பு. பல வீடுகளில் தாய் மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவிடம். பல்கலைக்கழகமும் இவ்வூர்களும் வரைபடத்தில் அருகருகே தெரியும். மார்கழியில் அந்த அருகாமைக்குப் பொருளில்லை.

இத்தகைய ஊரின் ஆசிரியையிடம், "பிள்ளை விளையாட்டின் மூலம் கற்கிறது" என்ற கூற்றைக் கொடுத்து உடன்பாடா, இல்லையா என்று கேட்டால் என்ன விடை வரும்? லிக்கேட் 1932இல் வகுத்த அளவுத்திட்டம் இன்றும் நமது மாணவ ஆய்வாளரின் கைக்கருவி. பயிற்சி முடித்தவர் "மிகவும் உடன்படுகிறேன்" என்ற கட்டத்தில்தான் புள்ளடி இடுவார். பயிற்சியில் பரீட்சைக்கு எழுதிய விடை அதுதானே. சொல்லும் செயலும் எவ்வளவு விலகக்கூடும் என்பதை லாப்பியர் 1934லேயே காட்டிவிட்டார். ஒரு சீனத் தம்பதியருடன் அமெரிக்காவில் பயணம் செய்தபோது ஏறத்தாழ 250 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் அவர்களை ஏற்க மறுத்தது. பிறகு அஞ்சல்மூலம் கேட்டபோது, விடையளித்த இடங்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை சீனரை ஏற்கமாட்டோம் என்றன. அங்கே சொல் கடுமை, செயல் கனிவு. நமது முன்பள்ளிகளில் இது தலைகீழ். மனப்பாங்கோடு, சூழவுள்ளோரின் எதிர்பார்ப்பும் செய்துமுடிக்கும் வலு தன்னிடம் உண்டா என்ற உணர்வும் சேர்ந்தே நடத்தையைத் தீர்மானிக்கின்றன என்று ஐசன் பின்னர் வகுத்த கொள்கை இதற்கு நன்கு பொருந்துகிறது.

சூழவுள்ளோர் என்றால் முதலில் பெற்றோர். கொப்பியில் எழுத்து நிறைந்திருந்தால் படிப்பு நடக்கிறது. பிள்ளை மணலில் விளையாடிவிட்டு வந்தால் ரீச்சர் சும்மா இருந்திருக்கிறா. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது படித்தவர்களுக்கு எளிது. சிறுதொகையாயினும் மாதக் கட்டணம் கட்டுகிற, தன் படிப்பைப் போரில் இழந்த தாய்க்கு, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று அந்தக் கொப்பி ஒன்றுதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் நாலு வயதுப் பிள்ளைவரை நீள்வதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உண்மையில் 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் தரம் 1க்குள் வரும் பிள்ளை எழுத்தறிந்திருக்க வேண்டுமென்று கேட்கவில்லை. முதலில் பிள்ளையை இனங்காணும்படியும், விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றையும் கலந்து கற்பிக்கும்படியுமே கூறியது. ஆனால் தரம் 1 ஆசிரியர் "நேர்சரியில ஒண்டும் படிப்பிக்கேல்லயா?" என்று தாயிடம் ஒருமுறை கேட்டுவிட்டால், செயலமர்வுகள் கட்டியது அத்தனையும் சரிந்துவிடும்.

அடுத்தது வலு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் முன்பள்ளி மேற்பார்வை மாகாணத்துக்குப் போனது. கிழக்கில் அதற்கென ஒரு பணியகமும் உண்டு. ஆயினும் முன்பள்ளி ஆசிரியை அரச ஊழியர் அல்லர். பெற்றோர் கட்டணமும் சிறிய கொடுப்பனவும், சில இடங்களில் நடத்தும் சங்கமோ நிறுவனமோ தருவதுமே அவரது வருமானம். தரம் 1க்குக் கற்பிக்கப்போகிறவரோ தாளங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்று, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையிலேயே கழித்து, நிரந்தர நியமனம் பெறுகிறார். ஒரே பிள்ளை, ஒரு வருட இடைவெளி. இரு ஆசிரியர்களின் நிலைக்கும் எவ்வளவு தூரம்! கட்டணம் தரும் தாயே தொழில் தருபவராகவும் இருக்கையில், அவரது விருப்பத்துக்கு மாறாக நடக்கும் துணிவை மனப்பாங்குப் பயிற்சி எங்கிருந்து கொண்டுவரும்? லிலியன் காற்ஸ் 1972இல் முன்பள்ளி ஆசிரியரின் வளர்ச்சிப் படிகளை வகுத்தபோது முதற்படிக்கு இட்ட பெயர் 'பிழைத்திருத்தல்'. அவர் சொன்னது புதியவரின் தத்தளிப்பை. இங்கே வருமானம் அந்தப் படியை ஆண்டுக்கணக்கில் நீட்டிவிடுகிறது.

பயிற்சியிலும் குறை இருக்கிறது. ஆனால் அது வழக்கமாகச் சொல்லப்படும் குறை அன்று. ஆசிரியராக வருபவர் தாம் மாணவராக இருந்த காலத்தில் கண்ட கற்பித்தலையே தம்மையறியாமல் பின்பற்றுகிறார் என்று லோர்ட்டி 1975இல் எழுதினார். பல்கலைக்கழகம் ஊட்டியதைப் பாடசாலை கழுவிவிடுகிறதா என்று 1981இல் செய்க்னரும் தபாக்னிக்கும் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விரிவுரையை இன்னும் இரண்டு மணிநேரம் கூட்டுவதால் ஆவதொன்றுமில்லை. சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது என்பதற்குப் பழைய சான்றொன்றும் உண்டு: மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்துபோனார். அவரது பெயர் நமது பெயர்ப்பலகைகளில் நிலைத்துவிட்டது, முறை உள்ளே நுழைந்த இடங்கள் சொற்பம்.

விளையாட்டு பெற்றோரின் எதிர்ப்பின்றி, அவர்களது உற்சாகத்தோடு நடக்கும் ஒரு நாளும் இதே முன்பள்ளிகளில் உண்டு: சிறுவர் சந்தை. அன்று பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்துக் கீரை, தேங்காய், வாழைப்பழம், முருங்கைக்காய் கொண்டுவந்து பரப்பிவைத்து விற்கிறார்கள். வாங்குவோர் தாய்மார், அம்மம்மாக்கள், கிராம சேவகர். பிள்ளை எண்ணுகிறது, மிச்சக்காசு கொடுக்கத் தடுமாறுகிறது, பேரம் பேசுகிறது, பக்கத்துக் கடைக்காரனோடு சண்டை பிடித்துச் சமாதானமாகிறது. எண், மொழி, கூட்டுறவு மூன்றும் அந்த ஒரு காலைக்குள் அடங்கிவிடுகின்றன. கொப்பியைக் கேட்ட அதே தாய் அன்று கொப்பியைக் கேட்பதில்லை. தன் பிள்ளை கணக்குப் பார்ப்பதைக் கண்ணால் கண்டுவிட்டார். ஆசிரியையும் அன்று வேறொருவர். அவரது மனப்பாங்கை எவரும் மாற்றவில்லை. சூழல்தான் ஒரு நாளைக்கு மாறியது. ஆனால் நாம் இதை ஆண்டுக்கொரு விழாவாக, அதிதிகளும் பொன்னாடையும் கொண்ட நிகழ்வாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. அடிப்பதைத் தவறென்று கருதாமை, அடங்கியிருக்கும் பிள்ளையே நல்ல பிள்ளை என்ற எண்ணம், மாற்றுத்திறனுடைய பிள்ளையைச் சேர்க்கத் தயங்குதல் ஆகியவை மனப்பாங்கின் பாற்பட்டவையே. இவற்றுக்குச் சம்பளத்தையோ பெற்றோரையோ காட்டித் தப்பமுடியாது. பயிற்சி இங்கே நேராகவே பேசவேண்டும். இவற்றையும் எழுத்துத் திணிப்பையும் ஒரே வினாக்கொத்தில் இட்டு ஒரே புள்ளியாகக் கூட்டுவதால் இரண்டுமே மங்கிப்போகின்றன.

ஆகவே கிரானில் அடுத்த ஆய்வு ஆசிரியையோடு நிற்காமல் தாயிடமும், அம்மம்மாவிடமும், தரம் 1 ஆசிரியரிடமும் செல்லவேண்டும். அந்த ஆசிரியரும் முன்பள்ளி ஆசிரியையும் ஆண்டில் ஓரிரு நாளாவது ஒருவர் வகுப்பில் மற்றவர் இருந்து பார்க்கும் ஏற்பாட்டை வலயக் கல்வி அலுவலகமும் மாகாணப் பணியகமும் இணைந்து செய்யலாம். கட்டடம் எதுவும் தேவைப்படாது. கற்பித்தற் பயிற்சிக்குச் செல்லும் பல்கலைக்கழக மாணவியரை வீதியோர முன்பள்ளிகளோடு நிறுத்தாமல், வெள்ளம் வற்றிய மாதங்களில் புலிபாய்ந்தகலுக்கு அப்பாலும் அனுப்பலாம். கற்பித்தல் சாதனம் செய்வதற்குத் தரப்படும் புள்ளிகளில் ஒரு பங்கை, பெற்றோர் கூட்டமொன்றை நடத்தி 'ஏன் இன்று கொப்பி இல்லை' என்று விளக்கும் திறனுக்கு ஒதுக்கலாம். கொடுப்பனவு அதே இடத்தில் நிற்கும்வரை இவற்றின் பயன் பாதியாகவே இருக்கும். அந்த மற்றப் பாதி மாகாண வரவு செலவுத் திட்டத்தில் இருக்கிறது, ஆசிரியையின் மனத்தில் அன்று.