மாட்டினித் துவக்கின் பிறப்பு

பழைய போர்த்துவக்கொன்றைக் காணும்போது நாம் அதன் பெயரையே நம்பிவிடுகின்றோம். பெயரோ ஏமாற்றவும் கூடும். 1871இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட 'மாட்டினி-ஹென்றி'யை எடுத்துக்கொள்வோம். ஹென்றி என்பார் எடின்பரோ நகரத்தவர். குழலின் உட்புறச் சுழல்வரிகளே அவருடையவை. மாட்டினி சுவிற்சர்லாந்திலே தொழில் நடத்திய பொறியியலாளர். ஆனால், கீழுள்ள நெம்புகோலை இறக்க, பின்புறங் கீலிட்ட அடைப்புக்கட்டை முன்பக்கந் தாழ்ந்து தோட்டா இடும் வாயைத் திறக்கும் அமைப்பு இவ்விருவருடையதுமன்று. அது பொஸ்தன் நகரத்துப் பீபொடி என்பார் 1862இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது. அவர் துவக்கில் வெளியே சுத்தியல் உண்டு. மாட்டினி அதனை நீக்கி, வில்லோடு கூடிய ஊசியைக் கட்டையினுள்ளேயே வைத்தார். ஆகவே வெளிச்சுத்தியல் காணின் பீபொடி, காணாவிடின் மாட்டினி. துருக்கியர் 1877இல் பிளெவ்னாவிற் பிடித்த துவக்குகள் மட்டும் 'பீபொடி-மாட்டினி' எனப் பெயர் பெற்றன. அவை அமெரிக்க ரோட் ஐலண்டிலே செய்யப்பட்டவை.

பிரித்தானியத் துவக்காயின் வலப்பக்கத்தில் முடியும், 'வீ. ஆர்.' என்னும் எழுத்துக்களும், ஆண்டும், வகை எண்ணும் இருக்கும். இவற்றையும் உடனே நம்புதற்கில்லை. கைபர் கணவாய்ப் பகுதிக் கம்மியர் கையாற் செய்த போலிகளிலும் அம்முத்திரை உண்டு. (அவையுஞ் சுடத்தான் செய்தன!) எழுத்தறியாது பார்த்து வெட்டியமையால் சில எழுத்துக்கள் புரண்டு கிடக்கும். விக்டோரியா மகாராணி மறைந்தது 1901இல்; அவர் முத்திரையின் கீழ் அதற்குப் பிந்திய ஆண்டு பொறித்த துவக்குகளும் உள.