தண்ணீர்ப் பானையும் இரண்டு நோய்களும்

சேர்வராயன் மலையில் தோன்றி, சேலம் நகரின் ஊடே பாய்ந்து, உத்தமசோழபுரத்துக் கரபுரநாதர் கோயிலைத் தொட்டுச் சென்று, பரமத்தி வேலூருக்கு அருகே காவிரியோடு கலக்கும் திருமணிமுத்தாற்றை நம் பக்கத்து மாணவர்கள் அனைவரும் அறிவர். பெயரளவில் முத்தும் மணியும் உடைய அவ்வாறு, நகரின் கழிவுநீரையும் சாயப்பட்டறை நீரையும் சுமந்து வரும் ஆறாக மாறிப் பல்லாண்டுகள் ஆயின. அதன் கரையில் உள்ள ஒரு சிற்றூரில்தான் 1984ஆம் ஆண்டில் நான் ஆசிரியப் பணியைத் தொடங்கினேன்.

எனக்கு மூத்த ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய இல்லத்தரசியாரை நான் அக்கா என்றே அழைப்பேன். தனியாளாகச் சமைத்துண்ட எனக்கு வாரத்தில் இரண்டு நாளாவது அவர் வீட்டுக் குழம்பு வந்துவிடும். ஐப்பசி மழை ஓய்ந்து சில வாரங்கள் கழிந்தபின், ஊரில் பலருக்குக் காமாலை கண்டது. இளைஞர் சிலர் பத்து நாள் படுத்து எழுந்தனர். அக்காவோ அப்போது எட்டு மாதக் கருவைச் சுமந்திருந்தார். "கஞ்சியின் வாசமே ஒத்துக்கொள்ளவில்லை, தம்பி" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் உள்ளது. கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தார்கள்; மந்திரித்தார்கள்; பின்னரே வண்டி வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். நான்காம் நாள் நினைவு தப்பியது. தாயும் சேயும் திரும்பவில்லை.

அது எவ்வகைக் காமாலை என்று அன்று எவரும் சோதித்தாரில்லை. சோதிக்கும் முறையே அன்று இல்லை. ஊர் முழுவதும் எளிதில் பிழைத்த ஒரு நோயில் கருவுற்றவள் மட்டும் ஏன் இறந்தாள் என்னும் வினா என்னை நெடுங்காலம் விடவில்லை. வரலாற்று ஆசிரியனாதலின் மருத்துவர்கள் எழுதியவற்றை வரலாறாகவே படித்தேன். அவ்வாறு படித்தவற்றுள் முதலாவது, தில்லி மாநகரின் கதை.

1955ஆம் ஆண்டு யமுனையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கைச் சிறிது மாற்றிக்கொண்டது. வசீராபாத் என்னுமிடத்தில் நகருக்குக் குடிநீர் எடுக்கும் நிலையம் இருந்தது. அதற்குக் கீழே நஜஃப்கர் வாய்க்கால் நகரின் சாக்கடையைக் கொண்டுவந்து ஆற்றில் சேர்த்தது. மேலிருந்து கீழே செல்ல வேண்டிய சாக்கடை, ஆற்றின் போக்கு மாறியதால், பின்னோக்கி ஏறிக் குடிநீர் எடுக்கும் வாயையே அடைந்தது. நவம்பர் மாதத்தில் சில நாட்கள் இந்நிலை நீடித்தது. அதிகாரிகள் அதனைக் கண்டுகொண்டனர். படிகாரத்தையும் குளோரினையும் மிகுதியாகக் கலந்தனர். அதனால் காலராவும் குடற்காய்ச்சலும் பெருகவில்லை. ஆபத்து நீங்கியது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில், சில வாரங்கள் கழித்து, காமாலை நகரெங்கும் எழுந்தது. சனவரி இருபதாம் நாளுக்குள் கண் மஞ்சளித்தோர் தொகை ஏறத்தாழ 29,300 என்று கணக்கிட்டனர். டாக்டர் விசுவநாதன் முதலியோர் இதனை வீடு வீடாக ஆராய்ந்து 1957இல் வெளியிட்ட அறிக்கை, நீரினால் பரவும் நோய் பற்றிய ஆய்வுகளில் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவது. பாக்டீரியாக்களைக் கொன்ற அளவு குளோரின் இந்த வைரஸை முற்றும் தடுக்கவில்லை என்பது அதில் தெரிந்த ஓர் உண்மை. கருவுற்ற மாதரே மற்றவரினும் மிகுதியாக மாண்டனர் என்பது மற்றோர் உண்மை.

அன்று இதனைத் 'தொற்றுக் காமாலை' என்று பொதுப்பெயரால் குறித்து விட்டுவிட்டனர். பின்னாளில் 'ஏ' வகைக் கல்லீரல் அழற்சியைக் கண்டறியும் சோதனை கைக்கு வந்ததும், நீரால் வருவது அதுவே என்று பலரும் கொண்டனர். எனினும் ஓர் ஐயம் நின்றது. 'ஏ' வகை நம் நாட்டில் பெரும்பாலும் சிறு பிள்ளைகளைப் பற்றிச் சென்றுவிடுவது. தில்லியில் விழுந்தவர்களோ வளர்ந்தவர்கள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. 1952இல் புனே நகரில் தொடங்கப்பெற்ற வைரஸ் ஆராய்ச்சி நிலையம் பிற்காலத்தில் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனமாயிற்று. தில்லிக் காமாலைக்காரர்களின் குருதி நீர், குளிரில் உறைய வைக்கப்பட்டு ஏறத்தாழ கால் நூற்றாண்டு காத்துவரப்பட்டிருந்தது. பழைய ஏட்டுச்சுவடியைக் கரையான் தின்னாமல் காத்தவரை நாம் போற்றுகிறோம் அல்லவா? குளிர்ப்பெட்டியில் சிறு குப்பிகளைக் காத்த ஊழியர்களும் ஆவணக்காப்பாளர்களே. 1980இல் அக்குருதி நீரைச் சோதித்து, தில்லியில் வந்தது 'ஏ' வகையன்று, 'பி' வகையுமன்று என்று இந்திய அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டனர்.

அதே காலத்தில் காசுமீரத்தில் டாக்டர் முகம்மது சுல்தான் குரூ என்னும் இளம் மருத்துவர், 1978இல் அங்கு எழுந்த கொள்ளைக் காமாலையைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகச் சென்றார். அவர் 1981இல் வெளியிட்ட கணக்கு இது: கருவுற்ற 208 பெண்களில் 36 பேரை நோய் பற்றியது. நூற்றுக்குப் பதினேழு. கருவுறாத பெண்கள் 3,350 பேரில் 71 பேரை மட்டுமே பற்றியது. நூற்றுக்கு இரண்டு. நோயுற்ற அந்த 36 கருவுற்ற பெண்களுள் 8 பேருக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழந்தது. இக்கணக்கை முதன்முதலாகப் படித்த அன்று அக்காவின் முகம் என் முன்னே வந்தது. கீழாநெல்லியின் தவறுமன்று, விதியின் தவறுமன்று என்று அறிந்துகொள்ள எனக்கு அத்தனை ஆண்டுகள் ஆயின.

கிருமியை முதலில் கண்ட கதையும் வியப்பிற்குரியதே. சோவியத் அறிஞர் மிகயில் பலயான், நோயுற்ற ஒன்பது பேரின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தயிரிற் கலந்து தாமே உண்டார். முப்பத்தாறாம் நாள் அவருக்குக் காமாலை வந்தது. தம் மலத்திலேயே மின்னணு நுண்ணோக்கியால் அவ்வைரஸைக் கண்டு 1983இல் அறிவித்தார். மாணவர்களே, இதனை நீங்கள் பின்பற்றலாகாது! 1990இல் அதன் மரபுப் பொருள் பிரித்தறியப்பட்டு, 'ஈ' வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ் என்னும் பெயர் நிலைத்தது. கருவின் இறுதி மாதங்களில் இது ஏன் இத்துணைக் கொடிதாகிறது என்பதற்கு, வயிற்றில் வளரும் அயலுயிரைத் தாயின் உடல் விலக்காதிருக்கும் பொருட்டு அவளுடைய நோயெதிர்ப்பாற்றலில் நிகழும் மாற்றத்தையும், பன்மடங்கு பெருகும் சுரப்புகளையும் காரணமாகச் சொல்வர். முடிவான விடை இன்னும் கிடைக்கவில்லை.

இனி, தலைப்பிற் சொன்ன இரண்டாம் நோய்க்கு வருகிறேன். அதற்கும் நம் நாமக்கல் சமவெளிக்கும் உள்ள தொடர்பு, மறைக்க வேண்டியதன்று.

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவியாகிய நிர்மலா செல்லப்பன், தாம் சேகரித்த குருதி மாதிரிகளுடன் இரவு இரயிலில் வேலூருக்குப் பயணமானார். வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் அவை சோதிக்கப்பட்டன. ஆறு பெண்களின் குருதியில் எச்.ஐ.வி. கிருமியின் அடையாளம் தென்பட்டது. இந்திய நாட்டில் அதுவே முதற் கண்டுபிடிப்பு. இதே ஜேக்கப் ஜான்தான், வாய்வழி இளம்பிள்ளைவாத மருந்து மும்முறை கொடுத்தும் நம் குழந்தைகளின் குடலில் போதிய பயன் தருவதில்லை என்று எடுத்துக்காட்டியவர். குடல் வைரஸும் எச்.ஐ.வி.யும் ஒரே கூடத்தில் ஆராயப்பட்டது தற்செயலே ஆயினும், பின்னர் அவற்றிடையே நெருங்கிய உறவு புலப்பட்டது. எச்.ஐ.வி. அழிக்கும் காப்பணுக்களுள் பெரும்பகுதி குடற்சுவரிலே உள்ளவை. அவையே முதலில் அழிகின்றன. ஆகையால் பிறருக்கு இரண்டு நாளில் நிற்கும் வயிற்றுப்போக்கு, மருந்தில்லாத எச்.ஐ.வி. நோயாளிக்குத் திங்கட்கணக்கில் நீண்டு உடலை உருக்கிவிடும். உகாண்டா நாட்டில் இந்நோய்க்கு 'மெலிவு நோய்' என்றே 1985இல் பெயர் வழங்கிற்று.

நாமக்கல், 1997இல் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. லாரிக் கூண்டு கட்டுவதில் நாடறிந்த ஊர். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இமயம்வரை செல்வன. வீட்டை விட்டு மாதக்கணக்கில் நெடுஞ்சாலையில் வாழ்ந்த ஆடவர் வழியே நோய் வந்தது. வீட்டு வாயிலைத் தாண்டாத மனைவியரிடம் சேர்ந்தது. பெரும்பாலான பெண்களுக்குத் தம் நிலை தெரிய வந்தது, முதற் குழந்தைக்காகக் குருதிச் சோதனை செய்துகொண்ட அன்றுதான். கருவுற்ற பெண்களிடையே இக்கிருமி மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக நாமக்கல்லின் பெயர் அக்காலத்து அறிக்கைகளில் இடம்பெற்றது. மகிழ்ச்சியோடு ஒரு மனைவி போன இடத்திலிருந்து எவ்வாறு திரும்பியிருப்பாள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்நாட்களில் நான் தலைமையாசிரியன். தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். தாய்க்கும் அந்நோய் என்று ஊரில் பேச்சுப் பரவியது. சில பெற்றோர் என்னிடம் வந்தனர். "சார், அந்தப் பையன் பொதுப் பானையில் தண்ணீர் மொள்ளக் கூடாது. அவ்வளவுதான் கேட்கிறோம்" என்றனர். பேச்சில் மரியாதை குறையவில்லை, உறுதியும் குறையவில்லை. நீரால் அந்நோய் பரவாது என்பதை நான் அறிவேன். அறிந்தும் அன்று நான் வாதாடவில்லை. வீட்டிலிருந்து தனியே ஒரு குப்பியில் நீர் கொண்டுவருமாறு அவனிடம் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அதுவே தண்டனையாயிற்று.

ஒரு வாரம் கழித்து அப்பானையை நானே கழுவக் கவிழ்த்தேன். அடியில் பச்சைப் பாசி. மூடி உடைந்திருந்தது. மொள்ளும் குவளைக்குப் பிடியில்லை. ஒவ்வொருவரும் கைவிரல்களை நீரில் நனைத்தே மொண்டனர். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் தூள் இட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். ஒருவரும் அறியார். எந்தப் பானையைக் கண்டு அஞ்ச வேண்டுமோ அதே பானையைக் கண்டுதான் ஊரார் அஞ்சினர். நோய் மட்டும் மாறிப்போயிற்று. காமாலையைத் தரவல்ல நீரை அனைவரும் அஞ்சாது குடித்தனர். மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் அச்சிறுவனை அழைத்து, புதிதாக வாங்கிய பித்தளைத் தவலையிலிருந்து நீண்ட பிடியுள்ள அகப்பையால் அவனை மொள்ளச் செய்து, அந்நீரை எல்லோர் முன்னும் நான் குடித்தேன். இரண்டு பெற்றோர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டனர்.

சிறுவனின் தாய் உயிரோடிருந்தது காலத்தின் உதவியால். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து இலவசமாகத் தரப்படலாயிற்று. முதலில் தாம்பரம் போன்ற சில இடங்களிலும், பின்னர் நாமக்கல்லிலும் அது கிடைத்தது. முன்பு மகப்பேற்று வேளையில் தாய்க்கு ஒரு மாத்திரையும் குழந்தைக்குச் சில துளிகளுமே கொடுத்தனர். 2014 முதல் கருவுற்ற ஒவ்வொரு நோயாளிக்கும் வாழ்நாள் முழுமைக்கும் மருந்து தருவது நாட்டின் முறையாயிற்று. மருந்தேயின்றி விட்டால் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகள்வரை தாயிடமிருந்து நோயைப் பெறும். முறைப்படி மருந்துண்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. பள்ளியில் இத்தகைய பிள்ளைகளை விலக்குவதைத் தடை செய்யும் சட்டமும் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

காமாலையின் பக்கத்தில் இத்தகைய விரைவு இல்லை. சீன நாட்டில் 2011இல் 'ஈ' வகைக்கு ஒரு தடுப்பூசிக்கு இசைவு கிடைத்தது. அதனைக் கொள்ளைநோயின் நடுவே முதன்முதலாகப் பயன்படுத்தியது 2022இல், தென் சூடானின் பெந்தியுவில் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் முகாமில். கருவுற்ற பெண்களுக்கும் அங்கே அதனை இட்டனர். தில்லியின் நோய்க்கும் அதற்கும் இடையே 66 ஆண்டுகள்.

நான் ஓய்வு பெறும்வரை என் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. மேல்நிலைத் தொட்டி கழுவிய நாள், குளோரின் தூள் இட்ட நாள், இட்டவர் கையொப்பம் ஆகிய மூன்றே பத்திகள். எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் முறைவைத்து அதனை எழுதுவர். கையொப்பம் இல்லாத வாரங்களில் அவர்களையே ஊராட்சி அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பக்கங்களை மட்டும் நானே எழுதினேன்.