உணவுப்பாதைக்குள் இறங்கிய வெளிச்சம்

ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கி, இன்று திருவனந்தபுரம் மாநகராட்சிக்குள் அடங்கியிருக்கும் விழிஞ்ஞத்தைப் பொறுத்தவரை, உணவுப்பாதை நோய்களைக் கண்டறிந்த வரலாறு அந்நகரின் மருத்துவ நிலையங்களோடு பிணைந்தது; 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், அதன் வளாகத்தில் 1981இல் உருவான மண்டலப் புற்றுநோய் மையமும் அவற்றுள் முதன்மையானவை. உணவுப்பாதை வாயில் தொடங்குகிறது. கருவியின் துணையின்றிக் கண்ணுக்கு எளிதில் எட்டும் பகுதியும் அதுவே. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம் பரவியிருந்த திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, வாய்க்குள் வெள்ளைத் தடிப்போ சிவந்த திட்டோ ஆறாத புண்ணோ உள்ளதா என்று பார்த்தனர். சோதனை நடக்காத ஊராட்சிகளோடு ஒப்பிடுகையில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

தொண்டைக்குக் கீழே இந்த எளிய முறை செல்லாது. அங்கே குழாயை இறக்குவதைவிட வெளிச்சத்தை இறக்குவதே கடினமாக இருந்தது. 1868இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் இரைப்பைக்குள் நேரான உலோகக் குழாயைச் செலுத்தினார். குழாய் இறங்கிய அளவுக்கு விளக்கொளி இறங்கவில்லை. 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் அமைத்த, ஓரளவே வளையும் கருவிக்கும் இரைப்பையின் சில மூலைகள் எட்டவில்லை.

பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹெரால்டு ஹாப்கின்ஸும், மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டினால் வளைந்த வழியிலும் படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் லண்டனிலிருந்து அறிவித்தனர். அந்த அறிவிப்பைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அத்தகைய உள்நோக்கியை, அதாவது உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கருவியை அமைக்க முனைந்தார். இழைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒளி கசிந்து படம் மங்கியது. மாணவரான லாரன்ஸ் கர்ட்டிஸ், ஒவ்வோர் இழைக்கும் வேறுவகைக் கண்ணாடியால் உறையிட்டு அக்குறையைத் தீர்த்தார். 1957இல் கருவி தயாரானதும், நோயாளிக்குச் செலுத்துமுன் ஹிர்ஷோவிட்ஸ் தாமே அதை விழுங்கிப் பார்த்தார்.

1983இல் இழைக்கற்றையின் இடத்தைக் குழாய் நுனியிலுள்ள மின்னணு உணரி பிடித்துக்கொண்டதால், ஒருவர் மட்டும் குனிந்து பார்த்தது திரையில் பலர் காண்பதாயிற்று. ஆயினும் அதைவிடப் பெரிய முன்னேற்றம், ஒளியைக் கூட்டாமல் குறைத்ததால் வந்தது என்றே சொல்ல வேண்டும். ஜப்பானில் உருவான குறும்பட்டை ஒளிப்படமுறை, வெள்ளொளியிலிருந்து 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களையொட்டிய நீலத்தையும் பச்சையையும் மட்டும் தேர்ந்தெடுக்கிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் இவ்விரண்டையும் மிகுதியாக உறிஞ்சுவதால், உள்சவ்வின் மேற்பரப்பிலுள்ள நுண்குழல்கள் பழுப்பாகவும், ஆழத்திலுள்ள குழாய்கள் நீலப்பச்சையாகவும் தெரிகின்றன. தொடக்கநிலைப் புற்றுநோயில் நுண்குழல்கள் தடித்துச் சுருண்டு ஒழுங்கு குலைந்திருப்பதும் அவ்வாறே புலப்படுகிறது.

2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி, பெருங்குடலில் ஐயத்துக்குரிய இடத்தைத் திரையில் பச்சைக் கட்டமிட்டுக் காட்டுகிறது. அங்கிருப்பது புற்றுநோயா என்பதை, கிள்ளியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தே இன்றும் முடிவு செய்கிறார்கள்.