குழந்தைத் தள்ளுவண்டி

கைக்குழந்தையைப் படுக்கவைத்தோ, கொஞ்சம் வளர்ந்த குழந்தையை உட்காரவைத்தோ பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து தள்ளிச்செல்லும் சிறு வண்டி. தமிழ்நாட்டில் ‘தள்ளுவண்டி’ என்றால் முதலில் கண்ணில் வருவது காய்கறி வண்டிதான். அதனால் கடையிலும் வீட்டிலும் ‘ஸ்ட்ரோலர்’, ‘பிராம்’ என்றே சொல்கிறார்கள். குழந்தை தானே பிடித்துத் தள்ளி நடைபழகும் மூன்று சக்கர நடைவண்டி வேறு பொருள். பிரிட்டனில் பெயரே வகையைச் சொல்லிவிடும். படுக்கவைப்பது பிராம், ‘பெராம்புலேட்டர்’ என்பதன் சுருக்கம். உட்காரவைப்பது புஷ்சேர். எடை குறைந்து, மடங்கி, கையில் தூக்கக் கூடியது பக்கி. இப்போது ஒரே சட்டத்தில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பூட்டும்படி வருவதால் இந்தப் பெயர்களைக் கடைக்காரர்களே கலந்துகட்டிப் பேசுகிறார்கள்.

எந்த வண்டி நல்ல வண்டி என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. ஒவ்வொரு வகையும் யாரோ ஒருவருடைய வீட்டுக்கும் தெருவுக்கும் போக்குவரத்துக்கும் பொருந்தச் செய்யப்பட்டது. அந்த ஒருவர் யார் என்று தெரிந்தால் அது தனக்கு ஒத்துவருமா என்பது பாதி தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை பிரிட்டனை வைத்தே எழுதப்படுகிறது. இன்றைய வகைகளில் பல அங்கே உருவானவை. படிக்கட்டு, மழை, பேருந்து, சிறிய வீடு என வண்டியைச் சோதிக்கும் எல்லாமும் அங்கே உண்டு.

வரலாறு

1733இல் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காகத் தோட்டக் கலைஞரும் கட்டடக் கலைஞருமான வில்லியம் கென்ட் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்துகொடுத்தார். அதைத் தள்ளவில்லை, ஆடோ குட்டிக் குதிரையோ இழுத்தது. அரண்மனைத் தோட்டத்தில் சுற்றிவர அதுவே போதும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இழுக்கும் வண்டி தள்ளும் வண்டியாயிற்று. தள்ளுகிறவர் கண்முன்னே குழந்தை இருக்கும் என்பதால் இது சின்ன மாற்றமல்ல.

1877இல் லீட்ஸ் நகரில் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனம் பிராமை ஒரு கௌரவப் பொருளாக்கியது. பெரிய சக்கரம், வில் போல் வளைந்த ஸ்பிரிங், தோல்வாரில் தொங்கும் உடல். தொட்டில் ஆடுவதுபோல் ஆடும், மடங்காது. மடங்க வேண்டிய தேவையும் இல்லை. தள்ளுவதற்கு ஆயாவும், நிறுத்துவதற்கு விசாலமான முன்கூடமும், போவதற்குப் பூங்காவும் இருந்த வீடுகளுக்கு அது செய்யப்பட்டது. அமெரிக்காவில் பால்டிமோரைச் சேர்ந்த கறுப்பினத்தவரான வில்லியம் ரிச்சர்ட்சன் 1889இல் பெற்ற காப்புரிமை இன்றைய வண்டிகளுக்கு இன்னும் நெருக்கமானது. தொட்டியைத் திருப்பி வைத்தால் குழந்தை தள்ளுபவரைப் பார்க்கும். சக்கரங்கள் தனித்தனியாகச் சுழல்வதால் குறுகிய இடத்திலும் திரும்பலாம்.

அடுத்த பெரிய திருப்பம் ஒரு தாத்தாவால் வந்தது. ஓவன் மெக்லாரன் விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பு வடிவமைப்பில் பங்காற்றியவர். மாஸ்கோவிலிருந்து முதல் பேரக்குழந்தையோடு வந்த மகள் கனத்த வண்டியோடு படும் பாட்டைப் பார்த்து, அலுமினியக் குழாய்களால் குடைபோல் நீளவாக்கில் மடங்கும் பக்கி ஒன்றை 1965இல் வடிவமைத்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. 1967இல் விற்பனைக்கு வந்தது. பறக்கும்போது சக்கரத்தை இறக்கைக்குள் மடக்கிக்கொள்ளும் விமானத்தில் வேலை பார்த்தவருக்கு, மடக்குவது என்ற எண்ணம் கைவந்த கலை. ஒரு கையில் குழந்தை, மறு கையில் வண்டி என்று பேருந்தில் ஏறும் தாய்க்கான முதல் வண்டி அதுதான்.

1984இல் அமெரிக்காவின் யாக்கிமா நகரைச் சேர்ந்த ஃபில் பேக்லர், மகனையும் கூட்டிக்கொண்டு ஓட விரும்பி, வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டினார். ஓட்டக்காரர்களின் மூன்று சக்கர வண்டி பிறந்தது. நெதர்லாந்தின் மாக்ஸ் பாரன்பர்க் 1994இல் ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரியில் பட்டப்படிப்புக்காகச் செய்த மாதிரி, 1999இல் பகபூ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 2002இல் ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ தொடரில் அது தலைகாட்டிய பிறகு, கைப்பைபோல் வண்டியும் அந்தஸ்தின் அடையாளமானது. பெற்றோர் தேவைக்கு மேல் செலவழிக்கத் தொடங்கிய காலமும் அதுவே. 2012இல் பிரான்சின் யோயோ, மடித்தால் ஏறத்தாழ 52 × 44 × 18 செ.மீ. அளவுக்குச் சுருங்கி, விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டியிடத்தில் ஏறியது.

வயதும் அமர்வும்

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது, முதுகு உட்காராது. ஆகவே ஏறத்தாழ ஆறு மாதம் வரை படுக்கை நிலையே சரி: தனிப் படுக்கைக் கூடையாகவோ (கேரிகாட்), முழுக்கச் சாயும் இருக்கையாகவோ இருக்கலாம். ‘பிறந்ததிலிருந்தே’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் இருக்கை எவ்வளவு சாய்கிறது என்று கடையிலேயே சாய்த்துப் பார்த்துவிடுவது நல்லது. குடைபோல் மடங்கும் மலிவு பக்கிகளில் பல, ஆறு மாதத்துக்குப் பிறகுதான் உதவும்.

காரிலிருந்து கழற்றிய இருக்கையை அப்படியே வண்டிச் சட்டத்தில் பூட்டுவது ‘டிராவல் சிஸ்டம்’. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் இடம் மாற்றலாம் என்பதால் முதல் குழந்தைக்காரர்கள் இதில் மயங்குவார்கள். ஆனால் கார் இருக்கை தூங்கும் இடம் அல்ல. அதில் குழந்தையின் தலை முன்னால் சரிந்து மூச்சுக்குத் தடையாகலாம். ஒரேயடியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது பிரிட்டனில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. பிறந்த சில வாரங்களுக்கு இன்னும் குறைவு. வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் என்றால் சரி, நாள் முழுதும் ஊர்சுற்ற இது ஆகாது.

குழந்தை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது பழைய வாதம். டண்டீ பல்கலைக்கழகத்தின் சூசன் ஸீடைக் 2008இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின் முகம் தங்களைப் பார்த்திருக்கும்போது பெற்றோர் அதனோடு பேசுவது ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. திருப்பி வைக்கும் வசதிக்குக் கூடுதல் விலை கொடுக்க இது ஒரு நியாயமான காரணம். கொடுக்க முடியாதவர்கள் சிக்னலில் நிற்கும்போது குனிந்து பேசினால் குழந்தைக்குக் குறை ஒன்றும் இல்லை.

வாசற்படி, பேருந்து, காரின் டிக்கி

வண்டியின் எடையைக் கடைக்காரர் சொல்லும்போது குழந்தையையும் பையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 12 கிலோ வண்டி, 8 கிலோ குழந்தை, 3 கிலோ சாமான் சேர்ந்தால் 23 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருப்பவர் அதை நாளைக்கு இரண்டு தடவை சுமக்க வேண்டும், அதுவும் பிரசவமாகிச் சில வாரங்களே ஆன உடம்போடு. கீழே படிக்கட்டடியில் நிறுத்திவிட்டு ஏறலாம் என்றால், தீ விபத்தில் தப்பும் வழியை மறிக்கும் என்று பொது நடைபாதையில் வண்டி வைப்பதைப் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் தடைசெய்கின்றன. இப்படிப்பட்ட வீட்டுக்கு 6, 7 கிலோவுக்கு மேற்பட்ட எதுவும் சுமைதான், எவ்வளவு அழகாக இருந்தாலும். முதல் சில மாதங்களுக்குத் துணியால் மார்போடு கட்டிக்கொள்வதே இவர்களுக்கு நல்ல வண்டி.

லண்டன் பாதாள ரயிலின் 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் தெருவிலிருந்து நடைமேடை வரை படியில்லாமல் போக முடியும். பேருந்தில் ஏறுவது எளிது, இடம்தான் சிக்கல். சக்கர நாற்காலிக்கென்று ஒதுக்கிய இடத்தில் குழந்தை வண்டியும் நிற்கலாம், ஆனால் நாற்காலிக்காரர் வந்தால் அவருக்கே முன்னுரிமை. 2012இல் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குச் செல்லும் பேருந்தில் டக் பாலி என்பவர் ஏற முயன்றபோது, தூங்கும் குழந்தையோடு அங்கே வண்டியை நிறுத்தியிருந்த பெண், அது மடங்காது என்று சொல்லி நகர மறுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓட்டுநர் ஒரு தடவை கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது போதாது, மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் இன்னும் வற்புறுத்த வேண்டும் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. ஆனால் பயணியைக் கட்டாயமாக இறக்கிவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. பேருந்தை நம்பி வாழ்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் மடக்க முடியாத வண்டியை வாங்கக் கூடாது. படுக்கைக் கூடையைக் கழற்றிவிட்டுத்தான் சட்டத்தை மடக்க வேண்டும் என்றால் அது மடங்காத வண்டி என்றே கொள்ளலாம்.

கார் வைத்திருப்பவருக்குச் சுமை குறைவு, அளவு கூடும். கடைக்குக் காரிலேயே போய், மடித்த வண்டியை டிக்கியில் ஏற்றி மூடிப் பார்ப்பதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். சக்கரத்தைக் கழற்றினால்தான் மூட முடிகிறது என்றால் அந்த வேலையை மழையில் செய்வதாகக் கற்பனை செய்துபார்க்கட்டும்.

கிராமப்புறத்தில், கல்லும் சேறுமான பாதையில் நடப்பவருக்குச் சின்ன பிளாஸ்டிக் சக்கரம் உதவாது; காற்றடித்த பெரிய சக்கரம் வேண்டும். பஞ்சராகும், பம்பும் வைத்திருக்க வேண்டும். ரப்பர் நுரை நிரப்பிய சக்கரம் நடுத்தரமான சமரசம். ஓடுவதற்கென்று வாங்குபவர் முன்சக்கரத்தை அசையாமல் பூட்ட முடிகிறதா, கைப்பிடியில் மணிக்கட்டு வார் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகும் வரை ஓட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

இரட்டையருக்குப் பக்கம் பக்கமாக உட்காரும் வண்டி தள்ள இலகு. கதவில் தகராறு செய்யும். பிரிட்டன் வீடுகளில் உட்கதவு பெரும்பாலும் 76 செ.மீ. அகலம், நுழையும் வழி அதைவிடக் குறைவு. ஒன்றன்பின் ஒன்றான வண்டி கதவைக் கடக்கும், தெருமுனையில் திரும்பத் திணறும். மூத்த குழந்தைக்கு மூன்று வயதானால் இரட்டை வண்டியே தேவைப்படாது. பின்னால் நின்றுவர மாட்டும் பலகை போதும்.

செலவு

பிரிட்டனில் எளிய பக்கி நூறு பவுனுக்குள் கிடைக்கும்; படுக்கைக் கூடை, கார் இருக்கை, மழைமூடி எல்லாம் சேர்ந்த தொகுப்பு பல நூறு பவுனில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். விலைச்சீட்டைவிட எத்தனை மாதம் உழைக்கும் என்பதே சரியான கணக்கு. கூடை ஆறு மாதத்தில் பரணுக்குப் போய்விடும். கைக்குழந்தை கார் இருக்கை ஓராண்டு, சற்றே மேல். இரண்டு, மூன்று வயது வரை நிற்பது சட்டமும் இருக்கையும்தான். பணத்தை அதில் போடலாம். பெரிய தொகுப்பு வாங்கிய பல குடும்பங்கள் ஓராண்டில் அதன் எடை தாங்காமல் மலிவு பக்கி ஒன்றையும் வாங்கிவிடுகின்றன. கையிருப்பு குறைவாக இருந்தால், முழுக்கச் சாயும் இருக்கையுள்ள நடுத்தர விலை வண்டி ஒன்றோடு முதலிலேயே நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிராண்டு பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு நியாயம் உண்டு: நல்ல பெயருள்ள வண்டி மறுவிற்பனையில் விலைபோகும், உதிரிபாகமும் கிடைக்கும். அதே காரணத்தால் அவற்றைப் பழையதாக வாங்குவது இன்னும் லாபம். 1956இல் தொடங்கிய தேசியப் பிரசவ அறக்கட்டளையின் கிளைகள் நடத்தும் பழைய குழந்தைப் பொருள் சந்தைகள் இதற்குப் பேர்போனவை. அங்கே வாங்கும்போது பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டும். மடக்கும் பூட்டு இரண்டும் விழுகிறதா, வார் நைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கார் இருக்கையை மட்டும் முன்பின் தெரியாதவரிடம் பழையதாக வாங்கவே கூடாது. விபத்தில் அடிபட்டது வெளியே தெரியாது.

பாதுகாப்பு

பி.எஸ். இ.என். 1888 என்ற தரக்குறியீடு வண்டியில் இருக்க வேண்டும். இதன் முதல் பகுதி 15 கிலோ வரை, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கான வண்டிகளைப் பற்றியது. 15 கிலோ பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று, மூன்றரை வயதில் வரும். தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, தொடையிடை ஒன்று என ஐந்து முனை வார் அவசியம்.

கீலில் விரல் மாட்டுவது பழைய ஆபத்து. கீல்களில் விரல்நுனி துண்டான சம்பவங்களுக்குப் பிறகு, 2009இல் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் மெக்லாரன் பக்கிகளுக்குக் கீல்மூடி வழங்கித் திருத்த வேண்டியதாயிற்று. எந்த வண்டியானாலும் விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்ட நிற்கட்டும். கைப்பிடியில் பை மாட்டினால், குழந்தையைத் தூக்கிய அடுத்த கணம் வண்டி பின்னால் மல்லாந்து விழும். கீழேயுள்ள கூடை அதற்காகத்தான் இருக்கிறது.

வெயிலுக்கு மேலே துணி போர்த்துவது பலரும் செய்யும் தவறு. 2014 கோடையில் ஸ்வீடன் நாளிதழான ‘ஸ்வென்ஸ்கா டாக்பிளாடட்’ செய்த சோதனையில், மூடாத வண்டிக்குள் 22 டிகிரியாக இருந்த வெப்பம், மெல்லிய துணி போர்த்திய அரை மணியில் 34 ஆனது, ஒரு மணியில் 37. காற்று உள்ளே போக வழியின்றி, குழந்தையின் முகமும் மறைந்துபோகிறது. பக்கவாட்டில் நிழல் தரும் குடையோ நீட்டக்கூடிய மேல்மூடியோ வைத்துக்கொள்ளலாம். மழைமூடியையும் கடைக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பிரேக்கின் நெம்பு சிவப்பாக இருக்க வேண்டும், கைப்பிடியில் தள்ளுபவரின் மணிக்கட்டோடு கட்டும் வார் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிரிட்டனில் பெரும்பாலான வண்டிகளில் அந்த வார் வருவதில்லை. ரயில் நடைமேடைகள் தண்டவாளப் பக்கம் சற்றே சரிந்திருக்கக்கூடும். அங்கே நிற்கும்போது வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாகத் திருப்பிவைத்து, பிரேக்கைப் போட்டு, கையையும் எடுக்காமல் நிற்பது வழக்கம்.