ஆனைவிழுந்தான் குளக்கட்டு

சிலாபத்திற்கும் புத்தளத்திற்கும் இடையே, கடலை அண்டிக் கிடப்பது ஆனைவிழுந்தான் சரணாலயம். பெயரில் யானை இருப்பினும், இங்கே ஆட்சி புரிவன பறவைகளே. காண வருவோர்க்கு நடைபாதையாக அமைவது பழைய குளக்கட்டு. மருதமர நிழலில் அதன்மேல் நடப்பவர், பட்ட கிளையொன்றில் பாம்புத்தாரா சிறகு விரித்து வெயில் காய்வதைக் காணலாம்.

இக்குளங்கள் இயற்கையின் கொடை அல்ல. மாரியில் மட்டும் ஓடும் சிற்றோடையை மறித்து, 12ஆம் நூற்றாண்டளவில் மனிதர் கட்டியவை. மேற்குளம் நிறைந்து வழியும் நீர் கீழ்க்குளத்தை அடையும்; எஞ்சியது வயலுக்கும், ஈற்றில் கண்டற் காட்டின் உவர்நீருக்கும் செல்லும். பயிருக்கெனத் தேக்கிய நீர் புள்ளினங்களுக்கும் புகலிடமாயிற்று. நாட்டின் நன்னீர் மீனினங்களில் ஏறக்குறையப் பாதி இங்கே உண்டு என்றால் வியப்பன்றோ!

1997இல் 1,397 ஹெக்டேர் நிலம் சரணாலயமாயிற்று. 2001இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயினும் இறால் பண்ணைகள் எல்லைக்குள்ளும் புகுந்தன. கண்டல் வெட்டுண்டு குட்டைகளாயிற்று. பின்னர் வெண்புள்ளி நோயால் இறால் மடியவே, பல குட்டைகள் கைவிடப்பட்டன. வரம்புகளோ அகலவில்லை. முன்னோர் கட்டிய கட்டு நீரைப் பகிர்ந்தளித்தது. இவ்வரம்போ கடல்நீர் ஏறி வற்றும் வழியையே அடைத்துவிட்டது. அவ்விடத்தில் வெறுமனே நட்ட கன்று பிழைப்பது அரிது. ஆகவே, கண்டலை மீட்க முனைந்தோர் கன்றை நடுமுன் மண்வெட்டியை எடுத்து, நீர்வழியைத் திறக்க வேண்டியதாயிற்று.